பாசிக்கு ஒரு தனி அறை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேராக மீன்தொட்டிக்குத்தான் போவார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு “நீமோ, நீமோ” என்று கத்தும். பெரியவர்கள் விலை கேட்பார்கள். நானும் பக்கத்தில் நின்று தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் மீனை அல்ல. இடது மூலையில், பம்புக்குக் கீழே, பாறை விளிம்பில் நேற்றிரவு வரை இல்லாத ஒரு பச்சை நூல் ஆடிக்கொண்டிருக்கும். அது அவர்கள் கண்ணில் படாதபடி தோளை நகர்த்தி மறைப்பதுதான் அந்த நேரத்தில் என் வேலை. பவளத் தொட்டி வைத்திருக்கும் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், வீட்டுக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடிதான் நிற்பார். எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் பாசி.

சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் நாலறை வீடு எங்களுடையது. கூடத்தில் மூன்றடி நீளத் தொட்டி, 180 லிட்டர். அடியில் இருக்கும் அலமாரிக்குள் இன்னொரு குட்டித் தொட்டி உண்டு. அதற்குப் பெயர் சம்ப். மேலிருந்து வழிகிற தண்ணீர் அங்கே இறங்கி, சுத்தமாகி, மறுபடி மேலே ஏறும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில்தான் இருக்கிறோம். ஆனாலும் உப்புத் தூளை வாளிக் கணக்கில் காசு கொடுத்து வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் என்று கலந்து, குளியலறையில் நான் சொந்தமாகக் கடல் தயாரிக்கிறேன். குழாய்த் தண்ணீரை நாங்கள் அப்படியே பிடித்துக் குடிப்போம். பவளத்துக்கு அது ஆகாது. கிருமி அண்டாமலிருக்க அதில் குளோரமின் சேர்க்கிறார்கள். ஆகவே தனி வடிகட்டி பூட்டி, அந்தத் தண்ணீரிலிருந்து இருப்பதையெல்லாம் உருவி எடுத்து, ஒன்றுமே இல்லாத தண்ணீராக்கி, பிறகு அதில் வேண்டியதையெல்லாம் திரும்பப் போட வேண்டும். வெளியே வெயில் 32 டிகிரி அடிக்கும். தொட்டிக்குள் 26 தாண்டக் கூடாது. அதற்கு ஒரு சில்லர். “நாங்க ஏசி போட்டா மட்டும் கரண்ட் பில்லைத் தூக்கிட்டு வருவீங்க” என்று மனைவி ஆரம்பிப்பாள். அப்போதெல்லாம் எனக்கு உப்பின் அடர்த்தியை அளக்க வேண்டிய அவசர வேலை வந்துவிடும்.

இத்தனை உபசாரமும் பவளத்துக்கு. வந்து குடியேறியதோ பாசி.

முதலில் வந்தது பழுப்புப் பொடி. புதுத் தொட்டி வைத்த எல்லோருக்கும் இது வரும். டயாட்டம் என்று பெயர். தண்ணீரிலும் மணலிலும் இருக்கிற சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் உயிர். மீன் கடைக்காரரிடம் கைப்பேசியில் படம் காட்டினேன். அவர் பழுத்த சீனப் பெரியவர். கடையில் இருக்கும் நேரத்தில் முக்கால்வாசியை ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடுவதில் செலவிடுவார். படத்தைப் பாராமலேயே, “வெயிட் லா, பாஸ்” என்றார். காத்திருந்தேன். சிலிக்கா தீர்ந்ததும் பழுப்பு போய்விட்டது. அந்தக் கடையில் நான் காசு கொடுக்காமல் பெற்ற ஒரே வைத்தியம் அதுதான்.

பழுப்பு காலி செய்த இடத்துக்குப் பச்சை வந்தது. டெர்பீசியா. நாங்கள் முடிப்பாசி என்போம். பெயருக்கு ஏற்றபடி பாறைகளுக்குத் தலைமுடி முளைத்தது. எனக்கு உதிர்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் அங்கே அடர்த்தியாக வளர்ந்தது என்பதில் ஏதோ ஒரு கணக்கு இருக்க வேண்டும். பம்பு ஓடும்போது மொத்தப் பாறையும் தலையை விரித்துப் போட்டுச் சாமியாடியது. பவளத்தைத் தேட வேண்டியிருந்தது.

பாசிக்குச் சாப்பாடு நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் என்பது எங்கள் வட்டத்தில் பாலபாடம். மீனுக்குப் போடும் தீனியில் இருந்தும் மீன் போடும் கழிவில் இருந்தும் அவை வருகின்றன. ஆகவே சோதனைக் குப்பிகளை எடுத்து, சொட்டு எண்ணி, தூள் போட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தேன். நைட்ரேட் சுழியம். ஃபாஸ்பேட் சுழியம். ஊட்டச்சத்தே இல்லாத தண்ணீரில் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பாசி. பெரியவரிடம் போய் முறையிட்டேன். அவர் நூடுல்ஸை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: “ஆல்கே ஈட் ஆல்ரெடி லா. டெஸ்ட் கிட் ஒன்லி சீ லெஃப்ட்ஓவர்.”

யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. சோதனைக் குப்பி அளப்பது தண்ணீரில் மிச்சமிருப்பதை மட்டும். சாப்பிட்டு முடித்துவிட்டவன் இலையை மடித்த பிறகு போய்ப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று கேட்டால் என்ன தெரியும்? போதாததற்கு, தொட்டியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. தண்ணீரில் ஃபாஸ்பேட் அதிகமாக இருக்கும்போது அதை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்ததும் மெல்ல மெல்ல வெளியே விடும். நான் பட்டினி போடப் போட, பாறை பின்பக்கமாகச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தது.

பல்துலக்கி வாங்கினேன். ஒவ்வொரு பாறையையும் வாளியில் எடுத்து வைத்துத் தேய்த்தேன். வீட்டில் பல்துலக்கிகளின் எண்ணிக்கை கூடியதில், காலையில் எது யாருடையது என்ற குழப்பம் வந்து, மனைவியும் மகளும் தங்களுடையதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். ஸ்கிம்மர் என்ற கருவியும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, கழிவெல்லாம் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறிக் கோப்பையில் சேரும்படி செய்கிற பொறி. அந்தக் கோப்பையை நான்தான் கழுவுவேன். அதன் வாடையைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. கழுவும் நேரம் எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

பிறகு ஆள் சேர்க்கத் தொடங்கினேன். பாசி தின்னும் ஜீவராசிகளுக்கு எங்கள் வட்டத்தில் துப்புரவுப் படை என்று பெயர். முதலில் டர்போ நத்தைகள். நன்றாகத் தின்றன, மறுக்க முடியாது. ஆனால் உருண்டு திரண்ட உடம்பு. போகிற வழியில் எந்தப் பவளம் இருந்தாலும் தள்ளிவிட்டுத்தான் போகும். மல்லாந்து விழுந்தால் சில நத்தைகளுக்குத் தானாகத் திரும்பத் தெரியாது. அப்படியே கிடந்து செத்துப்போகும். செத்தால் அழுகி, அது பாசிக்கு உரமாகும். எனவே காலையில் அலுவலகம் போகுமுன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, விழுந்தவர்களையெல்லாம் நிமிர்த்தி வைப்பது என் பொறுப்பாயிற்று. அடுத்துத் துறவி நண்டுகள். இந்தப் பெயரை வைத்தவர் குறும்புக்காரர். இவ்வளவு சொத்தாசை பிடித்த துறவி உலகத்தில் கிடையாது. வளர வளரப் பெரிய ஓடு வேண்டும். காலியான ஓடு அகப்படவில்லை என்றால், உயிரோடு குடியிருக்கும் நத்தையின் மேல் கண் விழும். ஓட்டுக்காகக் கொலைவரைக்கும் போகும். இது நமக்குப் புதிதில்லை என்பதால் எனக்கு அதிர்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. படையில் நத்தைகள் குறைந்தன, நண்டுகள் வீடு மாறின, பாசி அப்படியே இருந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் நட்சத்திர ஊழியர். ஃபாக்ஸ்ஃபேஸ் என்ற மஞ்சள் மீன், நரி முகம். பசும்புல் கண்ட கன்றுக்குட்டியின் வேகம். முதல் வாரம் பாறைகளை மொட்டையடித்துக் காட்டியது. அந்தச் சமயத்தில்தான் என் அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கினார்.

அம்மாவுக்குப் பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். விமான நிலையத்திலிருந்து வந்ததும் தொட்டியின் முன்னால் நாற்காலியைப் போடச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“இது ஓரா மீனுல்ல?”

“அந்த இனம்தாம்மா. இது கலர் மீனு.”

“முள்ளு குத்துனா கடுக்கும். பாத்துக் கையை விடு. புளி கரைச்சு ஊத்திக் குழம்பு வெச்சா...” என்று ஆரம்பித்தவர், பேத்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதே வாரம் எதிர்வீட்டு அங்கிள் எட்டிப் பார்த்தார். தியோச்சூ சீனர். அவரும் கண்ணாடியில் விரலை வைத்து அதே மீனைக் காட்டி, சீனப் புத்தாண்டு சமயத்தில் இதன் சொந்தக்கார மீன் சந்தையில் என்ன விலை விற்கும் தெரியுமா, வயிற்றில் சினை இருக்கும், ஆவியில் வேகவைத்தால் போதும் என்று கையை விரித்து விவரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் ஒரே மீனைப் பார்த்து ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அந்த மீன் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

கூடத்தில்தான் அம்மாவுக்குப் படுக்கை. முதல் இரவே என்னை எழுப்பினார். “தம்பி, எந்திரி. ஓரா செத்துப்போச்சுடா.” ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சளெல்லாம் போய், அழுக்குப் பழுப்பில் திட்டுத் திட்டாக, பாறையிடுக்கில் சாய்ந்து கிடந்தது. அது அந்த இனத்தின் ராத்திரி வேஷம். எதிரி கண்ணில் படாமல் தூங்குவதற்கு நிறத்தை மாற்றிக்கொள்ளும். காலையில் மஞ்சள் திரும்பிவிடும். அம்மா நம்பவில்லை. விடியும்வரை உட்கார்ந்து பார்த்து, அது மஞ்சளான பிறகுதான் காப்பி குடித்தார்.

மஞ்சள் ஊழியரும் நிரந்தரமாக உழைக்கவில்லை. மற்ற மீன்களுக்கு நான் போடும் உறைந்த இறாலின் ருசி தெரிந்த பிறகு பாறைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டது. ஆனால் அது தழை தின்னும் மீன். பச்சை இல்லாமல் அதன் உடம்பு தாங்காது. ஆகவே பேரங்காடிக்குப் போய், சுஷி சுற்றும் நோரித் தாள் வாங்கி வந்து, கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டேன். அம்மா அந்தப் பாக்கெட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“இது பாசியால்ல?”

“ஆமாம்மா. ஜப்பான் பாசி.”

“அப்ப உள்ளே மொளைச்சுக் கெடக்கே, அது?”

“அது வேண்டாத பாசி.”

“வெலைக்கு வாங்கிப் போடுறது வேண்டிய பாசியாக்கும்” என்றார். அவர் கேள்வியாகக் கேட்கவில்லை.

அவர் அப்படிப் பேச உரிமை உள்ளவர். மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுப்பது பெண்களின் தொழில். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி முங்குவார்கள். பாறையில் அறுத்துக்கொள்ளாமல் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பிய்த்து எடுத்துக் கரையில் காயவைத்து எடைக்குப் போடுவார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் ஆய்வுக்கூடத் தட்டிலும் இருக்கிற அகர்அகர் இந்த மாதிரிப் பாசியிலிருந்து வருவது. அம்மாவின் சித்தி அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அந்தக் குடும்பத்தில் பிறந்தவன், மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கைப் பாசியை ஒழிக்கச் செலவு செய்துகொண்டிருக்கிறேன் என்பதை அம்மா இன்னும் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. மகன் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஒருநாள் நான் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார். “கடலுக்குள்ள யாருடா இப்படித் தேய்க்கிறா?”

நியாயமான கேள்வி. கிளிமீன்கள், ஓரா வகைகள், கடல் முள்ளெலிகள் என்று பட்டியல் சொன்னேன். அவை தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்காதான் சாட்சி. கரீபியக் கடலில் டயடெமா என்ற நீண்ட முள் கொண்ட கருப்பு முள்ளெலி பவளத்திட்டுகளில் மேய்ந்துகொண்டிருந்தது. 1983-ல் பனாமா கரையில் தொடங்கி ஒரு கொள்ளைநோய் பரவி, ஒரு வருடம் சொச்சத்தில் கரீபியக் கடல் முழுக்க அந்த இனத்தில் பெரும்பாலானவற்றைக் கொன்றுபோட்டது. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தின்று தீர்த்திருந்தார்கள். முள்ளெலிதான் மிச்சமிருந்த ஒரே ஆள். அதுவும் போனதும் பாசி எழுந்தது. 1970-களின் கடைசியில் கடலடியில் பாதிக்கு மேல் பவளமாக இருந்த இடங்களில், 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. ஒரு கடலே செய்த காரியத்தை என் 180 லிட்டர் செய்வதில் ஆச்சரியம் இல்லை என்று நான் முடித்தேன்.

“அங்க எதுக்குப் போறே? நம்ம குருசடைத் தீவுல நடக்கலையா?” என்றார் அம்மா. அதுவும் சரிதான். வியாபாரத்துக்காக மண்டபம் பக்கம் மிதவைகளில் கட்டி வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற வெளியூர்ப் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் போர்த்திக்கொண்டு பரவியதை ஆய்வாளர்கள் 2008-லேயே எழுதியிருக்கிறார்கள். மனிதனுக்கு வேண்டிய பாசி, பவளத்துக்கு வேண்டாத பாசி. நான் பேசாமல் தேய்த்தேன்.

இடையில் வந்துபோன சிறு விருந்தாளிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரையாப்சிஸ் வந்தது, குட்டி இறகுகளைச் செருகிவைத்த தோற்றம். அதற்கு மருந்து ஃப்ளூகோனசோல், மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் அதே மாத்திரை. வலோனியா என்ற பச்சைக் குமிழ்ப் பாசி வந்தது. கோலிகுண்டு அளவுக்கு வளர்ந்தாலும் ஒரே ஒரு செல்தான். அழகாக இருந்ததால் மகள் அதை ஒழிக்கக் கூடாது என்று போராட்டம் செய்தாள். பிறகு சிவப்புச் சளி ஒன்று மணலை மூடியது. அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கியது இவர்களின் முன்னோர்தான். நாம் மூச்சு விடுவதே அவர்கள் போட்ட பிச்சை. அந்த வம்சத்தை நான் ஒரு ரப்பர் குழாயால் உறிஞ்சிக் கழிவறையில் கொட்டினேன்.

இனி வோட்கா.

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, எங்கள் உலகில் பல வருடமாகப் புழங்கும் முறை. தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பெருக நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் வேண்டும். கூடவே கார்பனும் வேண்டும். தொட்டியில் கார்பன்தான் தட்டுப்பாடு. சாராயத்தில் அது இருக்கிறது. தினமும் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிரிஞ்சில் அளந்து விட்டால், பாக்டீரியா பெருகி, பாசிக்குப் போக வேண்டிய சாப்பாட்டைத் தானே தின்றுவிடும். அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையில் ஏற்றி வெளியே தள்ளிவிடும். வினிகரும் வேலை செய்யும். ஆனால் வீடு முழுக்க ஊறுகாய் வாசம் வரும் என்று மனைவி மறுத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. முதல் முறையாக ஒரு வோட்கா பாட்டில் வந்தது, அதுவும் தொட்டிக்குக் கீழே. அம்மா கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“இது யாருக்கு?”

“தொட்டிக்கும்மா.”

அம்மா என் முகத்துக்கு அருகில் வந்து முகர்ந்து பார்த்தார். திருப்தி இல்லை. அன்றிலிருந்து பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று லேபிளில் பேனாவால் கோடு போட்டுவைக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு அரைக்கோடுகூடக் குறையவில்லை என்பதைப் பார்த்துத்தான் என்மேல் நம்பிக்கை வந்தது. மனைவியிடம் “மீனுதாம்மா குடிக்குது” என்று என் சார்பில் அவரே சாட்சி சொன்னார்.

வோட்கா வென்றது. முடிப்பாசி வெளுத்து, நைந்து, உதிர்ந்தது. பாறை தெரிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நான் நிமிர்ந்து நின்றேன். சோதனைக் குப்பி சுழியம் காட்டியது. இந்தமுறை அது உண்மையான சுழியம்.

உண்மையான சுழியத்தில்தான் டைனோ வரும்.

டைனோஃப்ளாஜெல்லேட். பழுப்புச் சளி, அதற்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள், பாறைக்குப் பாறை நூலாக இழுத்துக் கட்டியிருக்கும். பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கிப்போன தண்ணீரில், போட்டிக்கு ஆளில்லாத சந்தையில், இது கடை திறக்கும். மகளின் நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். ஆஸ்ட்ரியாப்சிஸ். கண்ணீர்த்துளி வடிவம், ஒரு முனையை ஊன்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. சில வகைகளுக்கு நஞ்சும் உண்டு. எஞ்சியிருந்த நத்தைகளும் அந்த வாரத்தோடு போயின. ராத்திரியில் இது கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கலந்துவிடும். நாம் ஒழிந்தது என்று நினைத்துப் படுப்போம். காலை பத்து மணிக்கு விளக்கு எரிந்ததும் மணல்மேல் வந்து உட்காரும்.

பெரியவரிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்த்ததும் முதல் தடவையாகச் சாப்பிடுவதை நிறுத்தினார். “டூ க்ளீன், பாஸ்.” முக்காலியிலிருந்து எழுந்து அலமாரிக்குப் போனார். ஃபாஸ்பேட்டை உறிஞ்ச என்று எனக்கு அவர் விற்ற இரும்பு ஆக்சைடுத் துகள் அந்தத் தட்டில்தான் இருந்தது. அதற்கு அடுத்த புட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே ஃபாஸ்பேட். பக்கத்திலேயே நைட்ரேட், தூளாக. ஒன்றை எடுக்க ஒரு விலை, அதையே திரும்பப் போட இன்னொரு விலை. இரண்டு புட்டிகளையும் ஒரே நிறுவனம் தயாரித்திருந்தது, ஒரே நீல லேபிள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

ஆக எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் இப்போது இருப்பவை: சிரிஞ்சுகள், வெள்ளைத் தூள், மில்லிகிராம் காட்டும் குட்டித் தராசு, சிறு சிறு பிளாஸ்டிக் பைகள், கோடு போட்ட வோட்கா பாட்டில். சிங்கப்பூரில் இவையெல்லாம் ஒரே அலமாரியில் இருப்பது அவ்வளவு நல்லதல்ல. கொசு முட்டை பார்க்க அதிகாரிகள் கதவைத் தட்டிய அன்று, அவர்கள் பூந்தொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் அலமாரிமேல் சாய்ந்தபடி நின்றேன். சாய்வதில் எனக்குப் பயிற்சி இருந்தது.

நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் ஏறின, புற ஊதா விளக்கு ஒன்று ராத்திரி முழுக்கத் தண்ணீரை வறுத்தது, டைனோ மெதுவாகப் பின்வாங்கியது. அது போன இடத்தில், பாறை விளிம்பில், மறுபடி முடிப்பாசி. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. “வந்திருச்சு! பச்சை வந்திருச்சு!” என்று கத்தினேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து என்னையும் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

இந்த டைனோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் இவ்வளவு பாடுபட்டு வளர்க்கும் பவளம் தானாகச் சமைத்துச் சாப்பிடுவதில்லை. அதன் திசுவுக்குள் ஸூசாந்தெல்லே என்ற பழுப்புப் பாசி லட்சக்கணக்கில் குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்தின் பிழைப்பில் பெரும்பகுதி அந்தச் சோற்றில்தான் ஓடுகிறது. அந்தப் பாசி எந்த வம்சம்? டைனோஃப்ளாஜெல்லேட். மணல்மேல் உட்கார்ந்தால் விரோதி, பவளத்துக்குள் உட்கார்ந்தால் குலதெய்வம். பாறையில் ஊதா வண்ணம் படர வேண்டும் என்று எங்களவர்கள் தவம் கிடப்பார்களே, அந்தக் கோரலைன் மேற்பூச்சு, அதுவும் பாசிதான். அது வருவதற்குப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள், நான் வாங்கியிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் பாசி ஒழிப்பு என்று ஒன்று என் தொட்டியில் நடக்கவே இல்லை. சாதி பார்ப்பதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஊதா உள்ளே வரலாம், பழுப்பு பின்வாசல் வழியாக வந்து பவளத்துக்குள் இருந்துகொள்ளலாம், பச்சை மட்டும் வாசப்படி ஏறக் கூடாது.

கோரலைன் பாசியிலேயே ஊறித் திளைத்த விஞ்ஞானி ஒருவர் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறார். வால்டர் ஏடி, அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தவர். 1980 வாக்கில் அங்கே அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த பவளத் தொட்டிக்கு வடிகட்டியாகப் பாசியையே பயன்படுத்தினார். ஒரு சல்லடைமேல் தண்ணீரை ஓடவிட்டு, பலத்த வெளிச்சம் போட்டு, அங்கே பாசி செழித்து வளரட்டும் என்று விட்டார். சாப்பாடெல்லாம் அங்கே போய்விடும். அவ்வப்போது சுரண்டி எடுத்துவிட்டால் தொட்டியில் இருந்த சத்தும் கூடவே வெளியேறிவிடும். விரட்ட முடியாதவனுக்கு நல்ல இடமாகப் பார்த்து வேலை போட்டுக் கொடுத்துவிட்டார். நம் பக்கத்து ஊர் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் போதும், மற்றதைப் பாறைக்குள் இருக்கும் ஜீவன்கள் பார்த்துக்கொள்ளும் என்று 1961-லேயே எழுதியவர். இவர்கள் யாரும் பல்துலக்கி வாங்கியதாகத் தெரியவில்லை.

சம்பில் ஒரு தடுப்பு வைத்தேன். கீட்டோமார்ஃபா என்ற பாசியில் ஒரு கைப்பிடி வாங்கிப் போட்டேன். கரும்பச்சை, முரட்டு இழை, பாத்திரம் தேய்க்கும் நார்ச்சுருள் என்றுதான் முதலில் மனைவி நினைத்தாள். அதற்கு இளஞ்சிவப்பு விளக்கு. மேல்தொட்டி பகலில் எரியும், இந்த அறை ராத்திரியில் எரிய வேண்டும். அப்போதுதான் இரவில் தண்ணீரின் பி.எச். அளவு அதிகம் இறங்காமல் இருக்கும். பாசிக்கு வாடகையில்லாத அறை, தனி விளக்கு, ராத்திரி ஷிஃப்ட். அலமாரி இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் கூடத்துச் சுவரில் விழும். அம்மா அதைத் தன் படுக்கை விளக்காக வைத்துக்கொண்டார். தூக்கம் வராதபோது அலமாரிக் கதவைத் திறந்து பாசியைப் புரட்டிப் போடுவார். “அடிப்பக்கம் வெளிச்சம் படலேன்னா அழுகிரும்” என்பார். அப்படித்தான் புத்தகத்திலும் இருக்கிறது.

மாதம் ஒருமுறை பாதியை அள்ளி எறிய வேண்டும். எறிவதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வட்டத்தில் கீட்டோவுக்கு எப்போதும் கிராக்கி உண்டு, புதிதாகத் தொட்டி வைத்த யாராவது கேட்டபடி இருப்பார்கள். இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். நல்லவேளையாகத் தமிழ்ப் பையன். நான் வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து, பாசியைப் பிழிந்து தண்ணீரை வடித்துக் கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஈரத்தோட குடுத்தா ஒனக்குத்தான் நட்டம். புழிஞ்சு தாரேன், பாத்துக்க. பத்து வெள்ளி குடு.”

பையன் என்னைப் பார்த்தான். நான் தொட்டியைப் பார்த்தேன். பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன், “பாட்டி, இதுல பூச்சி ஓடுது” என்றான். இழைகளுக்கிடையே அரிசி அளவில் குட்டிக் குட்டி ஜந்துக்கள் துள்ளின.

அம்மா அசரவில்லை. “கடல் சாமான்னா அப்படித்தான்யா இருக்கும். நல்ல தண்ணில ஒரு அலசு அலசினாப் போயிரும்.”

“ஐயோ, வேணாம் பாட்டி! இதுங்கதான் எனக்கு முக்கியமா வேணும். மீனுக்கு இதுதான் உசுருள்ள சாப்பாடு. கடைல இதை மட்டும் தனியா புட்டில போட்டு இருபது முப்பது வெள்ளிக்கு விக்கிறாங்க.”

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் இன்னொருவர் கைப்பேசியில் கூப்பிட்டுக் கீட்டோ கிடைக்குமா என்று கேட்டபோது, பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே என்னிடம் சொன்னார்:

“பூச்சி இல்லாம பத்து. பூச்சியோட இருபத்தஞ்சுன்னு சொல்லு.”